ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி

வாடகைக்குத் தரமாட்டம் என்றார் மாங்குளம் கடைக்காரர்.
"படத்துக்கு ஆரும் பிறிட்ஜ் வாடகைக்கு எடுப்பினமோ?"
சிரிக்காமல்தான் கேட்டார்.
தவணைக்கு வாங்கினோம்.
பன்னிரண்டு மாதம், என் கையெழுத்து,
பிணைக்கு டிலக்சனின் தமையன்.

கதை இவ்வளவுதான்:
கரண்ட் இழுக்காத வீட்டுக்கு
ஒருத்தி பிறிட்ஜ் கொண்டுபோகிறாள்.
போய், அதற்குள் சேலை அடுக்குகிறாள்.

லான்ட்மாஸ்டர் பெட்டியில் கிடத்துங்கோ என்றேன்.
செல்வரூபன் அண்ணை மறுத்துவிட்டார்.
"கிடத்தினால் எண்ணெய் ஏறிப்போகும் பிள்ளை.
படம் முடிஞ்சாப்பிறகு இது வேலை செய்யவேணுமெல்லே?"
அதனால் நிமிர்ந்தே வந்தது,
நாலு பக்கமும் கயிறு கட்டி,
சப்பறம் மாதிரி ஆடி ஆடி.
வீதியில் நெல் காயப்போட்டவர்கள்
காலால் ஒதுக்கி வழிவிட்டார்கள்.
அதை நாங்கள் எழுதவில்லை.
கமரா ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

யசோமதிக்கு ஒரேயொரு வசனம்.
சங்கக்கடையில் மூன்று நாள் லீவு எடுத்து வந்தவள்
பிறிட்ஜின் கதவைத் திறந்து,
இருட்டுக்குள் பார்த்து,
சொல்லவேண்டும்:
"உள்ளுக்கு லைற் எரியுமாம்."

பதினாலு தரம் சொன்னாள்.
பதினாலு தரமும் பாலை மரத்துக்குப் பின்னால்
மயில் கத்தியது.
டிலக்சன் ஹெட்போனைக் கழற்றி
மயிலுக்கு ஒரு தூஷணம் சொன்னான்.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

பிறகு உபதலைப்பு.
எரியுமாம்.
அந்த 'ஆம்' ஒன்றுக்காக இரண்டு இரவு.
ஆங்கிலத்தில் அதற்கு ஆட்கள் வேண்டியிருந்தது.
'அவர்கள் சொல்கிறார்கள்' என்று போட்டோம்.
ஒரு விழாக்காரர் மடல் எழுதிக் கேட்டார்:
யார் அந்த அவர்கள்? அரசாங்கமா?

இன்னொருவர் கேட்டார்:
போர் எந்தக் காட்சியில் வருகிறது?
பதில் எழுதினேன். அழித்தேன்.
நேர்பாதையில் இன்னும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிறது ஐயா,
அதனால் வண்டி குளக்கட்டைச் சுற்றிப் போனது.
குறுக்கால் போயிருந்தால்
படம் ஆறு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

நுழைவுக் கட்டணம் முப்பத்தைந்து டொலர்.
யசோமதிக்கு நாங்கள் கொடுத்ததைவிடக் கூட.
இதை அவளிடம் சொல்லவில்லை.
பத்தொன்பது விழாக்கள் வருந்தின.
எல்லாம் ஒரே மாதிரி வருத்தம்,
பெயரை மட்டும் மாற்றி ஒட்டியது.
ஒன்றில் அதையும் மாற்ற மறந்திருந்தார்கள்;
மார்ட்டின் என்பவருக்காகக் கொஞ்சநேரம் கவலைப்பட்டேன்.

இருபதாவது எடுத்துக்கொண்டது.
என் வாய்க்குள் நுழையாத ஒரு ஊர்.
விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்டச் சொன்னார்கள்.
காட்டினேன்.
அவர்களும் பார்த்தார்கள்.

படம் தனியாகப் போனது.
நான் போகவில்லை.

ஒரு போட்டோ அனுப்பினார்கள்:
சின்ன மண்டபம், பதினேழு தலை, எண்ணினேன்.
திரையில் யசோமதி கதவைத் திறந்தபடி.
மூன்றாம் வரிசையில்
தடித்த மேல்கோட்டுப் போட்ட ஒரு மனுசி
வாய் திறந்து சிரிக்கிறாள்.
வசனத்துக்கோ மயிலுக்கோ தெரியாது.

போனை நீட்டினேன்.
யசோமதி காசு எண்ணிக்கொண்டே பார்த்தாள்.
"என்ர சட்டை கசங்கிக் கிடக்கு" என்றாள்.
பிறகு போனைத் திரும்ப வாங்கி
அந்த மனுசியை விரலால் பெரிதாக்கி
கொஞ்சநேரம் வைத்திருந்தாள்.
அடுத்த ஆள் சீனிக்கு நின்றார்.

போன மாதம் டிலக்சன் வீட்டுக்குக் கரண்ட் வந்தது.
பிறிட்ஜ் அங்கேதான். வேலை செய்கிறது.
செல்வரூபன் அண்ணை சொன்னது சரி.
லைற்றும் எரிகிறது.
தவணை இன்னும் நாலு.

அடுத்த படத்துக்குக் குரல் பதிய
அதே அறையில் இருந்தோம்.
டிலக்சன் கையை உயர்த்தினான்:
பொறுங்கோ, இரையுது.
எழும்பிப் போய்
வயரைக் கழற்றினேன்.